முன்கூட்டியே ஸ்தோத்திரம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கருவாடு வாங்கப் போன இடத்தில் கிடைத்தது.

மாட்டுங்காவில் கிடைக்காத பொருளே இல்லை என்று எங்கள் கடைக்காரர்கள் மார்தட்டுவார்கள். நானும் கடைக்காரன்தான், நானும் தட்டுவேன். ஆனால் கருவாடு என்று வந்துவிட்டால் என் மனைவி பொன்செல்வி, திருநெல்வேலிக்காரர்கள் நிறைந்த சீத்தா கேம்ப்பைத் தவிர வேறு எதையும் நம்பமாட்டாள். அப்படி ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை போனபோது, சந்து முனையில் ஒரு பேனரைப் பார்த்தேன். தோளில் கேமராவோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். 'சின்னத்திரைத் தொடரில் சிறந்த ஒளிப்பதிவுக்கான விருதை வென்ற எங்கள் சபையின் மகளை வாழ்த்துகிறோம்' என்று எழுதியிருந்தது. கீழே விருது விழாவின் தேதி. அந்தத் தேதி அடுத்த ஞாயிறு.

நடக்காத விழாவில் கொடுக்காத விருதை ஒரு பெண் வாங்கிவிட்டாள், தெருவே வாழ்த்தியும்விட்டது. நான் மழையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பொன்செல்வி கருவாட்டுப் பையால் என் முதுகில் ஒரு இடி இடித்து, "நின்னது போதும், பஸ் வருது" என்றாள்.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் என் சரக்கு. (பேனரில் இருந்த பெயர் வேறு. அனிஷா என்பது நான் வைத்தது.)

2

தொடக்கம் எழுதுவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. கழித்துப்போட்டவற்றையும் பாருங்கள்.

'ஒளி என்பது இருளின் மறதி. அந்த மறதியைக் கண்ணாடி வழியே நினைவுகூரும் ஒருத்தியின்…'

[வேண்டாம். எழுதிய எனக்கே புரியவில்லை.]

'அனிஷா பிறந்த அன்று சீத்தா கேம்ப்பில் கனத்த மழை. மருத்துவச்சி…'

[பிறப்பிலிருந்து ஆரம்பித்தால் விருது வருவதற்குள் வாசகர் ரிட்டையர் ஆகிவிடுவார்.]

'செல்வமேரி தன் மகளின் விருதுக்காகக் கோயிலில் ஸ்தோத்திரம் செலுத்தியபோது, அந்த விருது யாருக்கு என்று கொடுப்பவர்களுக்கே தெரியாது.'

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்வோம். ஆனால் செல்வமேரியிடம் போவதற்கு முன் மகள் என்ன செய்தாள் என்று சொல்லவேண்டும். இல்லையென்றால் எதற்கு விருது என்று நீங்கள் கேட்பீர்கள், நியாயம்தான்.

3

அனிஷா ஒரு இந்தி சீரியலில் ஒளிப்பதிவாளர். எந்த சீரியல் என்று கேட்காதீர்கள். ஒரு மாமியார், ஒரு மருமகள், நடுவில் ஒரு பெரிய மாடிப்படி என்றால் போதாதா?

சீரியல் வெளிச்சத்துக்கு ஒரே சட்டம்தான். எல்லார் முகமும் எல்லா நேரமும் பளிச்சென்று தெரியவேண்டும். இருட்டில் வருகிற திருடனுக்குக்கூட மூக்குத்தண்டு மின்னவேண்டும். காரணம் இருக்கிறது. பார்க்கிறவர்கள் சும்மா உட்கார்ந்து பார்ப்பதில்லை. சப்பாத்தி உருட்டிக்கொண்டே, பிள்ளையைப் படிக்கச் சொல்லித் திட்டிக்கொண்டே பார்க்கிறார்கள். தலையைத் திருப்புகிற அந்த ஒரு நொடியில் அழுவது யார் என்று தெரிந்தாகவேண்டும். அதனால் தளத்தின் கூரை முழுக்க விளக்கு. யார் எங்கே நின்றாலும் நிழல் விழாது.

அன்று எடுக்கவேண்டிய காட்சி இது. மருமகளின் அம்மா ஊரில் இறந்துவிட்டாள். மறுநாள் மருமகள் சமையலறையில் தனியாக உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறாள். வசனம் கிடையாது. (கலை நோக்கமெல்லாம் இல்லை. வசனம் எழுதுகிறவருக்குக் காய்ச்சல்.)

அனிஷா கூரை விளக்குகளை அணைக்கச் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே ஒரே ஒரு விளக்கை வைத்து, அதற்கு முன்னால் ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டினாள். அது அவள் வீட்டிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்தது. மழைக்காலத்தில் சீத்தா கேம்ப்பில் கூரைக்கும் ஜன்னலுக்கும் மேலே கட்டுகிற அதே பாய், அங்கே அதற்குப் பெயர் தாட்பத்ரி. மழை தொடங்கி ஓய்கிறவரை அந்த வீட்டுக்குள் பகல் நீலமாகத்தான் இருக்கும். அவள் அம்மா மீன் ஆய்வது, ஜெபம் பண்ணுவது, பக்கத்து வீட்டோடு சண்டை பிடிப்பது எல்லாம் அந்த நீலத்தில்தான். அனிஷா அந்தக் காட்சிக்குத் துக்க வெளிச்சம் எதையும் வைக்கவில்லை. வீட்டு வெளிச்சத்தை வைத்தாள்.

சேனலிலிருந்து உடனே போன் வந்தது. பேச்சு இந்தியில் நடந்தது, நான் தமிழில் தருகிறேன்.

"மேடம், டிவி கெட்டுப்போச்சுன்னு ஜனங்க நினைப்பாங்க."

"நினைக்கட்டும் சார். எழுந்து வந்து டிவியைத் தட்டிப் பார்ப்பாங்க. அப்பவாவது பக்கத்துல வருவாங்கல்ல."

திரும்ப எடுக்க நேரமில்லை. அன்றைய சோறு அன்றைக்கே வடிக்கிற தொழில் அது. காட்சி அப்படியே ஒளிபரப்பானது. வீட்டில் செல்வமேரிக்கு வந்த கோபத்துக்கு மட்டும் காரணம் வேறு.

"வீட்டு தாட்பத்ரிய உருவிட்டுப் போயிருக்கா. இங்க கட்டிலுக்கு மேல ஒழுகுது. சட்டி வைக்க இடமில்ல."

4

இந்த இடம் வரை எழுதியபோது பொன்செல்வி டீயோடு வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். சீரியல் விஷயத்தில் எங்கள் வீட்டு நிபுணர் அவள். நான் சீரியல் பார்ப்பதில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவன்.

"இது நான் பார்த்ததுல்லா" என்றாள்.

"எது?"

"இந்தப் பட்டாணி. அன்னைக்கு அடுப்ப அணைச்சிட்டு வந்து டிவி முன்னால உக்காந்தேன். சாப்பாடு ஏன் லேட்டுன்னு நீங்ககூட கத்துனீங்க."

"இதை நான் இப்பதான் கற்பனை பண்ணினேன்."

"அப்ப நீங்க லேட்டா கற்பனை பண்ணிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு டீயை வைத்தாள்.

டீயை எடுத்துக் குடித்தேன். அப்போது ஒன்று தோன்றியது. என் மனைவி சீரியலுக்காக அடுப்பை அணைத்ததாகச் சரித்திரமே கிடையாது. அந்த விருதுக் குழுவில் நான் இருந்திருந்தால் அந்த ஒரு காரணத்துக்கே அனிஷாவுக்குக் கொடுத்திருப்பேன்.

5

விருதுக் குழுவில் நான் இல்லை. இருந்தவர்கள் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் அனிஷாவும் ஒருத்தி.

"அம்ம, நாமினேஷன் வந்திருக்கு" என்று வீட்டில் சொன்னாள். "அஞ்சு பேர எடுத்திருக்காவ. ஒருத்தருக்குத்தான் குடுப்பாவ."

"அந்த ஒருத்தர் நீதாம்ட்டி" என்றாள் செல்வமேரி, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன் செல்வமேரி சபைச் செயலர் லாசரிடம் ஒரு காணிக்கை உறையை நீட்டினாள். "அனிஷா விருதுக்கு ஸ்தோத்திரம்" என்றாள். லாசர் பலிபீடத்தருகே நின்று மைக்கில் வாசித்தார்: "சகோதரி அனிஷா தேசிய அளவில் விருது பெற்றதற்காக, அவரது தாயார் ஸ்தோத்திர காணிக்கை செலுத்துகிறார்."*

சபை கைதட்டியது. வாலிபர் சங்கம் செல்வமேரியிடம் விழாத் தேதியைக் கேட்டுக்கொண்டு, அன்று மத்தியானமே பேனருக்கு ஆர்டர் கொடுத்தது. வருஷாவருஷம் சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசன விருந்தை, இந்த வருஷம் அனிஷா பேரில் நடத்துவது என்று தீர்மானமும் போட்டார்கள். தேதி பார்த்தார்கள். விருது விழா நடக்கிற அதே ஞாயிறு.

* சபை வழக்கம் தெரியாதவர்களுக்கு: ஒன்று கிடைக்கவேண்டும் என்று கேட்டால் அது விண்ணப்பம், கிடைத்தபின் நன்றி சொன்னால் அது ஸ்தோத்திரம். ஆனால் விசுவாசத்தில் உறுதியான சிலர், கிடைக்கும் முன்பே கிடைத்துவிட்டதாக எண்ணி ஸ்தோத்திரம் பண்ணிவிடுவார்கள். செல்வமேரி அந்தக் கட்சி. லாசர் சட்டப்படி நடக்கிறவர். ஸ்தோத்திரம் என்று சொன்னால் வந்தாகிவிட்டது என்று பொருள் கொள்வார். 'தேசிய அளவில்' என்பது மட்டும் அவர் சொந்தமாகச் சேர்த்தது.

6

இப்போது எனக்கு ஒரு சந்தேகம். செல்வமேரியை நம்பலாமா?

என் பழைய வரைவில், 'நாமினேஷன் என்றால் என்னவென்று செல்வமேரிக்குத் தெரியாது. பாவம், அவள்…' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆங்கிலத்தில் மெமோ கொடுத்தவள். அவளுக்கா தெரியாது? தெரிந்தேதான் செய்தாள். அவளைப் பாவம் என்று எழுதியதற்கு அவள் என்னை ஒரு பார்வை பார்த்தமாதிரி இருந்தது.

அதனால் அடுத்த காட்சியை அவள் போக்கிலேயே விட்டேன். பேனரைப் பார்த்துவிட்டு அனிஷா வீட்டுக்குள் நுழைகிறாள்.

"அம்ம, லாசர் மாமாட்ட போயி, இன்னும் வரலன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"ஸ்தோத்திரம் பண்ணிட்டு, பொறவு போயி இன்னும் வரலன்னு சொன்னா ஆண்டவர் என்ன நினைப்பாரு? செல்வமேரிக்கே சந்தேகம்னா எனக்கென்னன்னு இருந்துருவாரு."

"வரலன்னா எல்லாரும் உன்னச் சிரிப்பாவ."

"சிரிக்கட்டும், அது என் பாடு. நீ போயி பிளவுஸ் தைக்கக் குடு. விருது வாங்கப் போறவ டீ-சர்ட்ல போவாளா?"

அனிஷாவுக்கு அந்த விருது வேண்டும். அதை மறைக்க நான் விரும்பவில்லை. குளிக்கும்போது மேடைப் பேச்சை இந்தியில் ஒத்திகை பார்க்கிற அளவுக்கு வேண்டும். இதுவரை, கிடைக்காவிட்டால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்திருப்பாள், முடிந்திருக்கும். இப்போது அப்படி இல்லை. தோற்றால் தோல்வி அம்மாவின் தலையில் விழும். அந்தச் சபையில் செல்வமேரி இனி எப்போது எழுந்து சாட்சி சொன்னாலும் பின்வரிசையில் யாராவது வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். 

அம்மா சொல்லமாட்டாள் என்றால் தானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். அசனத்தில், எல்லார் முன்னாலும், விழாவுக்குக் கிளம்பும் முன்.

7

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. கோயில் முற்றத்துக்கு மேலே ஆளாளுக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த தார்ப்பாய்களை இழுத்துக் கட்டியிருந்தார்கள். நடுவில் இருந்தது செல்வமேரியுடையது. ஓரத்தில் அண்டா அண்டாவாகச் சோறும் கறிக்குழம்பும் ரசமும். சபையார் மட்டுமல்ல, பக்கத்துச் சந்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் வானமாமலை அண்ணாச்சியும் முதல் பந்தியில் இருந்தார். அவர் நெற்றி நிறைய விபூதியோடு வந்து முதல் பந்தியில் உட்காராத அசனமே கிடையாது.

ஐயர்* ஜெபம் பண்ணி முடித்ததும், அனிஷா புதுப் பட்டுச் சேலையோடு மைக்கின் முன்னால் போய் நின்றாள். லாசர் குழம்பு வாளியும் கரண்டியுமாக நின்றுவிட்டார்.

"எல்லாரும் மன்னிக்கணும்" என்றாள். "எனக்கு விருது இன்னும் குடுக்கல. இன்னைக்குத்தான், இனிமேதான் குடுப்பாவ. எனக்குத்தான்னும் சொல்ல முடியாது, அஞ்சு பேரு இருக்கோம். எங்கம்ம பொய் சொல்லல. முன்கூட்டியே ஸ்தோத்திரம் பண்ணிட்டா, அவ்வளவுதான். வரலன்னா என்னச் சிரிங்க. அவளச் சிரிக்காதீங்க."

சொல்லி முடித்து மைக்கைப் பிடித்தபடி நின்றாள். அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் பிள்ள" என்றார் வானமாமலை.

"எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"பேனர்ல தேதி போட்டிருக்குல்லா. எங்களுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாதா?"

முதல் பந்தி சிரித்தது. லாசர் வாளியைக் கீழே வைத்தார்.

"வாசிக்கும்போது எனக்குத் தெரியாதும்மா. பேனர் வந்து பார்த்த பொறவுதான் உறைச்சுது. பதறிப்போயி ஐயர்ட்ட ஓடுனேன். அசனத்தத் தள்ளி வைப்பமான்னு கேட்டேன். 'அந்தம்மா முன்கூட்டியே ஸ்தோத்திரம் பண்ணிட்டாவ, நாம முன்கூட்டியே சாப்பிட்டா என்ன'ன்னுட்டாவ. சபைக்கும் அது சரின்னு பட்டுது."

"அப்ப வரலன்னா?"

"சாப்பிட்டது சாப்பிட்டதுதான" என்றார் வானமாமலை. "கறி ஆறுது, விடு பிள்ள."

அனிஷா அம்மாவைத் தேடினாள். செல்வமேரி இலைகளுக்கு உப்பு வைத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போயிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மைக்க வச்சிட்டு உக்காரு. சேலையில குழம்பு பட்டுராம" என்றாள்.

அவள் உட்கார்ந்தாள். எதிரே வரிசை வரிசையாக முகங்கள். பாயின் வழியாக இறங்கிய நீலத்தில் வானமாமலையின் விபூதி நீலம், லாசரின் வெள்ளைச் சட்டை நீலம், சோற்றின் ஆவியும் நீலம். எல்லாரும் சிரித்துக்கொண்டும், எலும்பை உறிஞ்சிக்கொண்டும், இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கத்திக்கொண்டும் இருந்தார்கள். தன் வெளிச்சத்தில் இவ்வளவு பேர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததில்லை. கேமரா இல்லாத கை பரபரத்தது. பிறகு அந்தக் கையால் சோற்றைப் பிசைந்தாள். அன்று அவள் மூன்று முறை குழம்பு வாங்கினாள் என்பதை நான் சொல்லியாகவேண்டும்.

 * திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்களில் பலருக்குப் போதகர் என்றால் ஐயர். மாட்டுங்காவில் இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு காப்பி நேரம் ஆனது.

8

விழா சயானில் ஒரு பெரிய அரங்கில். அனிஷா ஆட்டோவில் போய் இறங்கினாள். கையை எத்தனை தடவை கழுவியும் மசாலா மணம் போகவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. நடிகர்களுக்கான விருதெல்லாம் மாலையில், டிவியில் காட்டுவதற்காக. ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு விருதுகளை மத்தியானமே முடித்துவிடுவார்கள். அந்நேரம் கேமராக்களை இன்னும் பெட்டியிலிருந்தே எடுத்திருக்கமாட்டார்கள். படம் பிடிப்பவருக்குக் கொடுக்கிற விருதைப் படம் பிடிக்க ஆளில்லை. ஆகவே சீத்தா கேம்ப்பில் யாரும் டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. அவளே போன் பண்ணிச் சொன்னால்தான் உண்டு.

மேடையில் ஒருவர் உறையைப் பிரித்தார். 'சிறந்த ஒளிப்பதிவுக்கான விருதைப் பெறுபவர்…'

[இங்கே மாட்டிக்கொண்டேன்.]

ஒரு முடிவில் அனிஷா ஜெயிக்கிறாள். கோப்பை வீட்டுக்கு வருகிறது. செல்வமேரி அதை ஃபிரிட்ஜ் மேலே வைத்து, தூசி படாமல் ஒரு துண்டைப் போட்டு மூடுகிறாள். அதற்குப் பிறகு அதை யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்றில் தோற்கிறாள். பேனரை இறக்குவதா என்று வாலிபர் சங்கம் கேட்கிறது. மழை நிற்கட்டும், அதற்குக் கீழே கோழிக்கூண்டு நனையாமல் இருக்கிறது என்று செல்வமேரி சொல்லிவிடுகிறாள்.

பொன்செல்வியும் ஒரு முடிவு கொடுத்தாள். "உறையப் பிரிக்காங்க. அனிஷா முகம். பக்கத்துல இருக்கறவ முகம். திரும்ப அனிஷா முகம். இடி இடிக்குது. அதோட திங்கக்கிழமை பார்ப்போம்னு விட்டுருங்க."

"அது ஏமாத்து வேலை."

"வருஷக்கணக்கா நாங்க ஏமாந்துட்டுத்தான இருக்கோம், நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மூன்றும் எனக்குப் பிடித்திருக்கிறது. எதை எடுப்பது என்று தெரியவில்லை. ஒரு தந்திரம் செய்தேன். உறையை விட்டுவிட்டு, போன் வரும்போது செல்வமேரியின் முகத்தைப் பார்த்து முடிவைத் தெரிந்துகொள்ளலாம் என்று சீத்தா கேம்ப்புக்குத் திரும்பினேன்.

9

பந்தி எல்லாம் முடிந்துவிட்டது. மழை தூறலாகியிருந்தது. கோயில் முற்றத்துக் குழாயடியில் செல்வமேரி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் திண்டு மேல் இருந்தது. அது அடித்தது.

லாசர் ஓடிப்போய்ப் பார்த்தார். சட்டம் பேசுகிற மனிதர் குனிந்து அண்டாவுக்குள் கத்தினார்.

"அனிஷாதான். எடுங்க."

செல்வமேரி அண்டாவுக்குள் இருந்தே பேசினாள். குரல் எதிரொலித்தது.

"இத முடிச்சிட்டு எடுக்கேன். என்ன அவசரம்? தெரிஞ்ச சேதிதான."

அவள் முகம் அண்டாவுக்குள் இருக்கிறது. எனக்குத் தெரியவில்லை, லாசருக்கும் தெரியவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது, அவள் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். கதை எழுதுகிறவன் என்ற உரிமையில் நான் போனை எடுத்திருக்கலாம். அவளுக்கு முன்னால் எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

போன் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் நீங்கள் எடுங்கள். கையை மட்டும் கழுவிக்கொள்ளுங்கள். இவ்வளவு நேரம் பந்தியில் நீங்களும்தான் உட்கார்ந்திருந்தீர்கள்.